முதல் ஃப்ளைட் சிமுலேட்டர்: படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பயிற்சிக்கு வருபவர்களில் பலர் வீட்டில் சிமுலேட்டரில், அதாவது கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில், ஏற்கெனவே பறந்து பார்த்தவர்கள்தான். அவர்களைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. வெளியே நல்ல வெயில், தொடுவானம் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் கண் மட்டும் மீட்டர்களை விட்டு நகராது. கால்கள் ரடர் பெடல்கள் (மூக்கை இடவலமாகத் திருப்பும் மிதிகள்) மேல் சும்மா கிடக்கும். அதே ஆட்கள் ரேடியோவில் கூச்சமில்லாமல் பேசுவார்கள், செக்லிஸ்ட்டை வரிசை தவறாமல் முடிப்பார்கள், கருவிகளை வைத்து வழி கண்டுபிடிக்கும் பாடம் வந்தால் மற்றவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆக சிமுலேட்டர் கெடுக்கவும் செய்யும், உதவவும் செய்யும். எது நடக்கும் என்பது எந்த மென்பொருள் என்பதைவிட, அதை எந்தக் கணினியில், எதை வைத்து, எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆனாலும் "எதை வாங்கலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சரி, அதையே முதலில் பார்ப்போம்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்தான் பெரும்பாலானவர்களின் மனதில் இருப்பது. உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கட்டியெழுப்பியிருக்கிறார்கள். பார்க்க அதற்கு இணை இல்லை. ஆனால் நீங்கள் யூடியூபில் பார்த்து வாயைப் பிளந்த அந்த வீடியோ உங்களிடம் இல்லாத ஒரு கணினியில் எடுக்கப்பட்டது. 2020 பதிப்புக்கு 150 ஜிபி இடம் கேட்டார்கள். 2024 பதிப்பில் அது 50 ஜிபியாகக் குறைந்தது என்று சந்தோஷப்பட்டால், மீதியெல்லாம் நீங்கள் பறக்கும்போதே இணையம் வழியாக வந்து இறங்குகிறது. பரிந்துரைக்கப்படும் அளவே 32 ஜிபி ரேம், 50 எம்பிபிஎஸ் இணையம். இணைப்பு திக்கித் திணறும் வீட்டில், கீழே தெரியும் ஊர் மெழுகு உருகியது போல இருக்கும். வாங்குவதற்கு முன் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் என்ற மாதச் சந்தாவில் ஒரு மாதம் எடுத்து ஓட்டிப் பார்த்துவிடலாம்.

எக்ஸ்-பிளேன் வேறு ரகம். சிறகையும் புரொப்பெல்லரையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று என்ன விசை தருகிறது என்று கணக்கிட்டு விமானத்தைப் பறக்க வைக்கும் முறையால் பெயர் வாங்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், நிறுவிய பிறகு பறப்பதற்கு இணையத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை, இலவச டெமோவும் இருக்கிறது. "இதுதான் நிஜம், மைக்ரோசாஃப்ட் வெறும் பொம்மை" என்று ஒரு பழைய சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் தலையிடாதீர்கள். இப்போது மைக்ரோசாஃப்டும் விமானத்தின் மேற்பரப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. அதுவுமில்லாமல், நேராக மட்டமாகப் பறக்கவே தடுமாறும் கட்டத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கைக்குத் தெரியப்போவதில்லை.

ஃப்ளைட்கியர் முழுக்க இலவசம். தன்னார்வலர்கள் 1990களிலிருந்து வளர்த்துவரும், யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய திறமூல மென்பொருள். காட்சி சுமார்தான், மெனுக்களும் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் பழைய கணினியிலும் அமைப்புகளைக் குறைத்து ஓட்டிவிடலாம். இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். இதே மென்பொருளை வேறு பெயர் சூட்டி, நூற்றுக்கணக்கான விமானங்கள், ஆயிரக்கணக்கான விமான நிலையங்கள், சலுகை இன்றோடு முடிகிறது என்றெல்லாம் விளம்பரம் போட்டுக் காசுக்கு விற்கிறார்கள். அதன் ஜிபிஎல் என்ற திறமூல உரிமம் விற்பதைத் தடுப்பதில்லை என்பதால் இதை நிறுத்துவதும் கடினம். ஃப்ளைட்கியர் குழுவே இதைக் குறித்து எச்சரித்திருக்கிறது. கேள்விப்படாத பெயரில் ஒரு சிமுலேட்டர் கண்ணில் பட்டால், அந்தப் பெயரோடு ஃப்ளைட்கியர் என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

போர் விமானம்தான் ஆசை என்றால் டிசிஎஸ் வேர்ல்ட் இருக்கிறது. இலவசமாகவே இரண்டு விமானங்களோடு வரும். ஆனால் அது ஒரு தனி உலகம், அதைத் தொடக்கமாக நான் சொல்ல மாட்டேன்.

மென்பொருளைவிட முக்கியமானது கையில் பிடிக்கிற பொருள். விசைப்பலகையில் ஒரு விசை அழுத்தினால் அழுத்தியது, விட்டால் விட்டது. விமானமோ கொஞ்சமாக அழுத்தம் கொடுத்து ஓட்ட வேண்டிய பொருள். அதனால் முதல் செலவு ஒரு எளிய ஜாய்ஸ்டிக்காக இருக்கட்டும். பிடியைத் திருகினால் ரடர் வேலை செய்கிற வகையாகவும், எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்குத் தனி நெம்புகோல் உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். யோக் (ஸ்டீயரிங் போன்ற கைப்பிடி), பெடல், மூன்று திரை எல்லாம் அப்புறம். முதல் வாரமே எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தவர்களின் பொருள்கள்தான் பிறகு பாதி விலைக்கு விற்பனைக்கு வருகின்றன.

ஜாய்ஸ்டிக் வந்ததும் அமைப்புகளுக்குள் போய் உதவிகளை அணையுங்கள், குறிப்பாகத் தானாக ரடர் போடும் உதவியை. ஒற்றை எஞ்சின் சிறிய விமானங்களில் பெரும்பாலானவை எஞ்சினை முழு சக்தியில் வைத்து ஓடுபாதையில் கிளம்பும்போது இடப்பக்கம் இழுக்கும், வலது கால் அழுத்தித்தான் நேராக வைக்க வேண்டும். அந்த உதவி ஓடிக்கொண்டிருந்தால் இப்படி ஒரு இழுப்பு இருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். பயிற்சிக்கு வருகிறவர்களின் சோம்பேறிக் கால்கள் இங்கேதான் உருவாகின்றன என்பது என் சந்தேகம்.

அடுத்தது ட்ரிம், அதாவது கையால் தொடர்ந்து அழுத்தாமலேயே மூக்கை ஒரே நிலையில் நிற்க வைக்கும் அமைப்பு. நிஜ விமானத்தில் கையில் ஒரு பாரம் தெரியும். மூக்கு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே பிடித்துக்கொண்டு, அந்தப் பாரம் மறையும்வரை ட்ரிம் சக்கரத்தைச் சுற்றுவோம். வீட்டு ஜாய்ஸ்டிக்கில் இருப்பது வெறும் ஸ்பிரிங், எப்போதும் நடுவுக்கே இழுக்கும். எனவே நீங்கள் ட்ரிம் செய்யச் செய்ய ஜாய்ஸ்டிக்கை மெல்ல நடுவுக்குத் திரும்ப விட வேண்டியிருக்கும். இது தெரியாமல், ட்ரிம் சக்கரத்தைச் சுற்றியே ஏற்றி இறக்கப் பழகுகிறார்கள். அந்தப் பழக்கத்தோடு விமானத்தில் ஏறினால் அதை மறக்கடிப்பது எனக்குப் பெரிய வேலை.

எதை ஓட்டுவது? ஏர்பஸ்ஸை விட்டுவிடுங்கள். ஆட்டோபைலட்டுக்கு எண் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நீங்கள் கற்றது பொத்தான்களின் இடம் மட்டுமே. செஸ்னா 172 கிட்டத்தட்ட எல்லா சிமுலேட்டரிலும் இருக்கும். ஏதாவது ஒரு சிறிய விமான நிலையத்தில், காற்றில்லாத வானிலையில் கிளம்புங்கள். உயரத்தைப் பிடித்து, பவரை நிலைநிறுத்தி, ட்ரிம் செய்து, கையை விட்டுப் பாருங்கள்; விமானம் அப்படியே நிற்கிறதா? பிறகு ஒரு முழு வட்டம், பிடித்த உயரத்திலிருந்து 100 அடிக்கு மேல் ஏறாமல் இறங்காமல். முடிந்தால் கருவிப் பலகையைத் திரையிலிருந்து மறைத்துவிட்டு, தொடுவானத்தை மட்டும் பார்த்து இதைச் செய்யுங்கள். தரையிறங்கும்போது 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) வேகத்தைப் பிடித்துக்கொண்டு வருவது இதற்கெல்லாம் பிறகுதான்.

காட்சி அமைப்பைப் பற்றி ஒரே வார்த்தை: குறைத்துவிடுங்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் (திரையில் மாறும் படங்கள்) சீராக வந்தால் போதும். கட்டடங்கள் நிறைந்த பெரிய விமான நிலையத்தை நெருங்கும்போதுதான் கணினி மூச்சுத் திணறும், அதுவும் சரியாக ஓடுபாதைக்கு மேலே, கை நுணுக்கமாக வேலை செய்ய வேண்டிய நேரத்தில்.

இன்னொன்று, வீட்டில் பறந்த மணிகள் பைலட் லைசென்ஸ் கணக்கில் சேராது. எக்ஸ்-பிளேனை அடிப்படையாக வைத்து அங்கீகாரம் பெற்ற பயிற்சிக் கருவிகள் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கீகாரம் அந்த முழுக் கருவிக்கும் சேர்த்து. அதிலும் எத்தனை மணி கணக்கில் வரும் என்பதற்கு வரம்பு உண்டு. "இதை வாங்கினால் பைலட் ஆகலாம்" என்று விளம்பரம் வந்தால் காசு கொடுக்காதீர்கள். திருட்டுப் பிரதிகள் பக்கமும் போக வேண்டாம், உள்ளே வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பழைய ஜாய்ஸ்டிக் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் கணினியில் செருகி, அளவீடு காட்டும் திரையைத் திறந்து, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். நடுவில் இருக்க வேண்டிய புள்ளி தானாக நடுங்கினால் உள்ளே சென்சார் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.