சுற்றுலா விசா: தாளுக்குத் தாள் முரண்படும் இடங்கள்

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா மறுக்கப்பட்டால் பாஸ்போர்ட்டோடு ஒரு படிவமும் வரும். மறுப்புக்கான காரணங்கள் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். பொருந்துகிற வரிக்கு எதிரே ஒரு குறி போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அடிக்கடி குறி விழும் வரிகள் இரண்டு. பயணத்தின் நோக்கம் குறித்தும் தங்கும் ஏற்பாடு குறித்தும் தந்த தகவல்கள் நம்பும்படி இல்லை என்பது ஒன்று. விசா முடிவதற்குள் திரும்பிப் போவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது மற்றொன்று. "கணக்கில் இவ்வளவு பணம் காட்டினேனே, பிறகு ஏன்?" என்று அப்போதுதான் பலர் கேட்பார்கள். பணம் போதவில்லை என்பதற்கு அந்தப் படிவத்திலேயே தனி வரி உண்டு. அங்கே குறி இல்லையென்றால் சிக்கல் பணத்தில் இல்லை, தாள்களில் இருக்கிறது.

பல நாடுகளின் சுற்றுலா விசாவுக்கு, முடிவெடுக்கும் அதிகாரி உங்களை நேரில் பார்ப்பதே இல்லை. விண்ணப்ப மையத்தில் கைரேகை எடுப்பவர் தாள்களை வாங்கி அனுப்புகிறவர் மட்டுமே. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அவர் சொன்னால், பட்டியலில் கேட்ட தாள்கள் எல்லாம் வந்துவிட்டன என்றுதான் பொருள். அதிகாரியின் மேசைக்குப் போவது விண்ணப்பப் படிவம், விமான முன்பதிவு, ஓட்டல் முன்பதிவு, விடுப்புக் கடிதம், வங்கி அறிக்கை, இன்ஷூரன்ஸ் என ஆறேழு தாள்கள். ஒரே பயணத்தை ஆறு பேர் தனித்தனியாக விவரிப்பதுபோல அவர் அவற்றைப் படிக்கிறார்.

எங்கே இடறுகிறது என்று ஒரு கோப்பை வைத்துப் பார்ப்போம். அலுவலகக் கடிதம் மே 10 முதல் 20 வரை விடுப்பு என்கிறது. படிவத்தில் போய் இறங்கும் நாள் 11, கிளம்பும் நாள் 20. அப்படியானால் ஒன்பது இரவுகள். ஓட்டல் முன்பதிவுகளைக் கூட்டினால் எட்டுதான் வருகிறது. திரும்பும் விமானம் 20ஆம் தேதி இரவு ஏறி 21 காலை ஊரில் இறங்குகிறது, அன்று வேலைநாள். இன்ஷூரன்ஸோ 19ஆம் தேதியோடு முடிகிறது. இதில் பொய் ஒன்றுகூட இல்லை. விடுபட்ட அந்த ஓர் இரவு ரயிலில் கழிவதாக இருக்கலாம். ஆனால் அதை யாரும் எழுதவில்லை, அதிகாரியும் போன் போட்டுக் கேட்கப்போவதில்லை.

இதைத் தவிர்க்க எளிய வழி, வேலையை ஒரே ஒரு தாளில் தொடங்குவது. தேதி, எந்த ஊர், இரவு எங்கே படுக்கை, அடுத்த ஊருக்கு எதில் பயணம் என்று நான்கு நெடுவரிசைகள். ஓட்டல், விமானம், விடுப்பு, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிறகு அதையே பயணத் திட்டமாகக் கோப்பில் முதலில் வையுங்கள். பலரும் ஓட்டலை முதலில் போட்டுவிட்டு, மலிவாகக் கிடைத்த விமானத்துக்கு ஏற்பத் தேதியை மாற்றுகிறார்கள். விடுப்புக் கடிதம் மட்டும் பழைய தேதியிலேயே நின்றுவிடுகிறது.

வங்கி அறிக்கைக்கு வருவோம். கடைசி வரியில் இருக்கும் இருப்புத் தொகையைத்தான் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை அசைக்க முடியாததாக இருக்கிறது. உண்மையில் பார்ப்பது பணத்தின் ஓட்டத்தை. மாதாமாதம் சம்பளம் வருகிறதா, அந்தத் தொகை அலுவலகக் கடிதத்தில் சொன்ன சம்பளத்தோடு ஒத்துப்போகிறதா, வாடகையும் கடன் தவணையும் போக என்ன மிஞ்சுகிறது என்பதெல்லாம் மூன்று அல்லது ஆறு மாத அறிக்கையில் தெரிந்துவிடும். ஐந்து மாதம் மெலிந்து கிடந்த கணக்கில் விண்ணப்பத்துக்கு நான்கு நாள் முன்பு பெருந்தொகை விழுந்தால், அது கைமாற்று வாங்கிப் போட்டது என்றே படும். அந்தப் பணம் உண்மையிலேயே உங்களுடையதாக இருந்தால் — முதிர்ந்த வைப்புநிதி, விற்ற வண்டி, வந்த போனஸ் எதுவானாலும் — அதற்கான சான்றை அறிக்கையின் பின்னாலேயே இணைத்து, கோப்போடு வைக்கும் விளக்கக் கடிதமான கவரிங் லெட்டரில் ஒரு வரி எழுதிவிடுங்கள். விளக்கப்பட்ட பெருந்தொகை யாரையும் உறுத்தாது.

தொகைக்கும் பயணத்துக்கும் பொருத்தமும் வேண்டும். ஆண்டு வருமானத்தில் பாதியை விழுங்கும் பயணத்தை முதல் வெளிநாட்டுப் பயணமாகத் திட்டமிட்டால், "இவர் ஏன் இவ்வளவு செலவழிக்கிறார்?" என்ற கேள்வி தானாக எழும். மூன்று நாடு, பதினைந்து நாள் என்பதை ஒரு நாடு, ஏழு நாள் என்று சுருக்கினாலே பல கோப்புகள் நிமிர்ந்துவிடும்.

செலவை வேறொருவர் ஏற்றால் அவருடைய கடிதம் மட்டும் போதாது. அவருடைய வங்கி அறிக்கை, உறவுக்கான சான்று இரண்டும் வேண்டும். அங்கே உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் உள்ளூர் நிர்வாகம் உறுதிசெய்து தரும் அதிகாரப்பூர்வப் படிவம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதிய அழைப்பை அதற்கு மாற்றாக நம்ப வேண்டாம்.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே நேர்காணல்தான் முடிவு. கட்டுக்கட்டாகக் கொண்டுபோகும் தாள்களை அதிகாரி புரட்டாமலே போகலாம். அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, சுற்றுலா விசா கேட்பவரைக் குடியேற வருகிறவர் என்றே முதலில் கருதச் சொல்கிறது. அப்படியில்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரருடையது. அதிகாரி கேள்வி கேட்பது நீங்கள் நிரப்பிய டிஎஸ்-160 என்ற இணையவழி விண்ணப்பப் படிவத்தை வைத்து. ஏஜென்ட் நிரப்பிக் கொடுத்ததைப் படித்தே பார்க்காமல் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். படிவம் மூன்று வாரம் என்கிறது, வாய் "பத்து நாள்" என்கிறது. இந்தப் பிரிவில் மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. மறுபடி 185 டாலர் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்கலாம். ஆனால் சூழ்நிலை எதுவும் மாறாமல் அடுத்த மாதமே போனால் பெரும்பாலும் அதே பதில்தான்.

அதே படிவத்தில் இன்னும் சில கவனங்கள். திறந்தவுடன் வரும் விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிது நேரம் கை வைக்காமல் விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும், எண் இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கும். புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், ஆறு மாதத்துக்குள் எடுத்தது, கண்ணாடி அணியாமல். ஷெங்கனுக்கு எடுத்த 35க்கு 45 மில்லிமீட்டர் படம் இதற்கு ஆகாது.

பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் இருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புகைப்படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். பெயர் அங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே படிவத்திலும் டிக்கெட்டிலும் வர வேண்டும். டிஎஸ்-160இல் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதி, இயற்பெயருக்கான கட்டத்தில் 'எஃப்என்யு' (FNU, அதாவது முதற்பெயர் தெரியவில்லை) என்று போட வேண்டும். முன்னெழுத்தை இங்கே விரித்து, அங்கே விட்டுவிட்டு, டிக்கெட்டில் இடம் மாற்றி எழுதினால் விமான நிலையக் கவுன்டரில் நிற்க வேண்டிவரும்.

பாஸ்போர்ட்டின் ஆயுளையும் பாருங்கள். பல நாடுகள் ஆறு மாதம் மீதமிருக்க வேண்டும் என்கின்றன. ஷெங்கன் விதி, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம். கூடவே பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். நாட்கள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு நாட்டில் விண்ணப்பித்து, திட்டத்தை அதற்கேற்ப வளைப்பது ஓட்டல் இரவுகளை எண்ணினாலே வெளிப்படும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. முடிவுக்கு வழக்கமாக 15 நாள். சந்தேகம் வந்தால் 45 நாள்வரை போகலாம். எனவே இரண்டு மாத இடைவெளி வைப்பதுதான் நிம்மதி. கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், தங்கும் எல்லா நாட்களுக்கும் இருக்க வேண்டும்.

விசா கையில் வரும்வரை திரும்பப் பெற முடியாத டிக்கெட் வாங்காதீர்கள்; முன்பதிவு போதும். ஆனால் அது நிஜமான முன்பதிவாக இருக்க வேண்டும். விமான நிறுவனத்தின் தளத்தில் தேடினால் கிடைக்காத பிஎன்ஆர் (முன்பதிவு) எண்ணை அச்சடித்துத் தருகிறவர்கள் உண்டு. "நாங்களே வங்கி அறிக்கையும் ஏற்பாடு செய்கிறோம்" என்பவர்களும் உண்டு. படிவத்தின் அடியில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது என்பதால் விளைவும் உங்களுக்கே. ஏமாற்று கண்டறியப்பட்டால் பிரிட்டனில் பத்து ஆண்டு, கனடாவில் ஐந்து ஆண்டு தடை. அமெரிக்காவில் அது நிரந்தரத் தடையாகவே ஆகலாம். முந்தைய மறுப்பை மறைப்பதும் இதே கணக்கில் சேரும். மறுப்பு தன்னளவில் அடுத்த விசாவைக் கெடுத்துவிடாது, மறைத்தால்தான் கெடும்.

விசா ஒட்டி வந்த பாஸ்போர்ட்டை அலமாரியில் வைக்கும் முன் ஸ்டிக்கரை ஒரு நிமிடம் படியுங்கள். முதலில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும். பிழை இருந்தால் அன்றே தெரிவிக்க வேண்டும். ஷெங்கன் ஸ்டிக்கரில் 'எப்போது முதல், எப்போது வரை' என்று இரண்டு தேதிகள் இருக்கும். தங்கக்கூடிய நாட்கள் என்று தனியாக ஓர் எண்ணும் இருக்கும். பலர் குழம்புவது இங்கேதான். மே 11 முதல் ஜூன் 4 வரை என்று போட்டு, நாட்கள் 10 என்றிருந்தால், அந்த இடைவெளிக்குள் நீங்கள் இருக்கக்கூடியது பத்தே நாள். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் அதில் சேரும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் படிப்படியாக நடைமுறைக்கு வந்த, நுழைவையும் வெளியேற்றத்தையும் பதியும் மின்னணு முறை இந்த நாட்களைத் தானே எண்ணிவிடுகிறது.

ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை 01, அதாவது ஒரே முறைதான் நுழையலாம், என்றிருந்தால், பாரிஸிலிருந்து இரண்டு நாள் லண்டன் போய்வரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை; அதற்குத் தனி விசா இருந்தாலும், பாரிஸுக்குத் திரும்ப வழியில்லை.

விசா வந்த பிறகு ஓட்டலை மாற்றுவதில் தவறில்லை. ஆனால் எல்லையில் நிற்கும் அதிகாரியும் தங்குமிடம், திரும்பும் டிக்கெட், இன்ஷூரன்ஸ் மூன்றையும் கேட்கலாம். ரத்து செய்த பழைய ஓட்டலின் தாளை நீட்டாமல், புதிய முன்பதிவைக் கைப்பையில் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.