‘கடினத்தன்மைக் குணகம்’ அன்று, ‘சொரசொரப்புக் கெழு’

வெள்ள அபாயம் பற்றிய அறிக்கைகளைத் தமிழில் தருபவர்கள் ‘ஆற்றுப்படுகையின் கடினத்தன்மைக் குணகம்’ என்று எழுதுவது வழக்கமாகிவருகிறது. ஆங்கிலத்தில் ‘ரஃப்னஸ்’ என்று இருப்பதைத்தான் இப்படிப் பெயர்க்கிறார்கள். இதைச் சிறு பிசகு என்று விட்டுவிட முடியாது. அறிக்கை சொல்ல வந்ததை இந்தச் சொல் தலைகீழாக்கிவிடுகிறது.

ரஃப்னஸுக்கு மூலமான பழைய ஆங்கிலச் சொல்லுக்குக் கரடுமுரடானது, மயிரடர்ந்தது என இரு பொருளும் உண்டு. தமிழில் ‘சொரசொர’ என்ற இரட்டைக்கிளவியிலிருந்து சொரசொரப்பு வந்தது. ஆற்றியலில் இது, 1889இல் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் முன்வைத்து இன்று அவர் பெயரால் வழங்கும், ஆற்றுநீரின் வேகத்தைக் கணக்கிடும் வாய்பாட்டின் ஒரு கெழு (குணகம்). படுகையும் கரையும் செடிகொடிகளும் ஓடும் நீரை எவ்வளவு தடுக்கின்றன என்பதை அந்த ஒற்றை எண் சொல்கிறது.

இனி ‘கடினத்தன்மை’க்கு வருவோம். கடினம் என்றால் கெட்டி. கரணையால் தேய்த்து மெழுகிய கான்கிரீட் கால்வாய் கெட்டியானது. அதன் கெழு ஏறக்குறைய 0.013தான். வளைவில்லாத, களையில்லாத இயற்கை ஆற்றுக்கு 0.030 என்று கொள்வார்கள். களை மண்டி, மடுக்கள் நிறைந்து, நீர் மந்தமாக நகரும் ஆற்றுக்கு 0.070 வரையிலோ அதற்கு மேலோ போகும். கையால் வளைக்கக்கூடிய நாணலும் கோரையும் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு கூடுதலாக நீரைத் தடுக்கின்றன என்பதே இந்த எண்கள் காட்டும் செய்தி. ‘கடினத்தன்மை கூடினால் வெள்ள மட்டம் உயரும்’ என்று படிக்கும் ஊராட்சித் தலைவர், கரைக்குக் கான்கிரீட் போட்டால் ஊருக்குள் தண்ணீர் ஏறும் என்றும், படுகையில் வளர்ந்து நிற்கும் சீமைக்கருவேலம் மென்மையானது, ஆகவே தீங்கற்றது என்றும் புரிந்துகொண்டால் பிழை அவருடையது அல்ல. நம் இலக்கண மரபு இந்த வேறுபாட்டை என்றோ தெளிவாக்கிவிட்டது: நன்னூல் ‘ஊறெட்டு’ (தொட்டு உணரும் எட்டுப் பண்புகள்) என்று சொல்வதை விரிக்கும் உரைகாரர்கள் வன்மையை ஓர் ஊறாகவும், சருச்சரையை வேறோர் ஊறாகவும் எண்ணுகிறார்கள். அந்தச் சருச்சரைதான் நாம் இன்று சொரசொரப்பு என்பது.

‘உராய்வுக் குணகம்’ என்று எழுதுவோர் இவர்களைவிடக் கவனமானவர்கள். ஆயினும் அதையும் ஏற்க இயலவில்லை. உராய்வு என்பது நீர் ஓடும்போது நிகழ்வது. சொரசொரப்போ ஆறு வறண்டு கிடக்கும்போதும் படுகையில் இருப்பது. குழாயில் ஓடும் நீர் உராய்வால் இழக்கும் ஆற்றலைக் கணக்கிடும் டார்சி–வைஸ்பாக் வாய்பாட்டில் உராய்வுக் காரணி என்று வேறோர் அளவு இருக்கிறது. நீர்மட்டக் கணக்கீட்டிலேயே உராய்வுச் சரிவு (உராய்வால் ஓட்டத்தின் ஆற்றல் ஆற்றின் நீளவாக்கில் குறையும் வீதம்) என்று இன்னொன்று வருகிறது, அது சொரசொரப்புக் கெழுவைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. மூன்றுக்கும் உராய்வு என்றே பெயரிட்டால், எது உள்ளிடுவது, எது கணக்கில் கிடைப்பது என்று படிப்பவருக்கு விளங்காது. ‘கரட்டுக் கெழு’ சுருக்கமாக இருக்கிறது என்பார்கள். கொங்கு நாட்டில் கரடு என்றால் பாறைக் குன்று என்பதால் எனக்கு அதில் தயக்கம் உண்டு. கெழுவா குணகமா என்பதில் எனக்கு வழக்கில்லை.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு வாதிடக் காரணம், கணித்த நீர்மட்டத்தில் வரும் பிழையில் பெரும்பங்கு இந்த எண்ணிலிருந்து வரக்கூடும் என்பதுதான். அகலமான ஆற்றில் சீரான ஓட்டத்தின் ஆழம் ஏறக்குறைய கெழுவின் 0.6 அடுக்குக்கு ஏற்ப மாறும். 0.030 என்று கொண்ட கெழு உண்மையில் 0.036 என்றால், 5 மீட்டர் என்று கணித்த ஆழம் சுமார் 5.58 மீட்டராகிவிடும், அரை மீட்டருக்கு மேல் ஏற்றம், அதாவது வாசற்படியைத் தாண்டும் தண்ணீர். நில அளவையில் ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியே நேரும் சில சென்டிமீட்டர் பிழைகள், குறுக்குவெட்டு முழுவதிலும் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். உயரங்களை அளக்கத் தொடக்கமாகக் கொள்ளும் ஆதார மட்டக்குறியே பிசகி எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டுமே அது அப்படியே நீர்மட்டத்தில் ஏறும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் டேவிஸ் நகர நீரியல் மையம் 1986இல் இதை ஆராய்ந்து, கெழுவின் மதிப்பீடு நம்பகமற்றதாக இருக்கும்போது அதனால் வரும் பிழைக்கு முன் அளவைப் பிழை சிறியது என்றே கண்டது.

இத்தகைய முடிவைத் தமிழில் தரும்போது ‘கணக்கெடுப்புத் தவறுகளும் கடினத்தன்மைத் தவறுகளும்’ என்று எழுதினால் என்ன விளங்கும்? கணக்கெடுப்பு மக்கள்தொகையை நினைவூட்டுகிறது. தவறு என்பது யாரோ கடமை தவறியதாகக் குற்றம் சுமத்துகிறது. அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து வைத்துவிட்டு, அந்தத் துறையில் அச்சொல் என்ன வேலை செய்கிறது என்று ஒரு பொறியாளரிடமும் கேட்காமல் அடுத்த வரிக்குப் போகும் பழக்கம் மொழிபெயர்ப்பில் பரவிவிட்டது. ‘நில அளவைப் பிழையும் சொரசொரப்பு மதிப்பீட்டுப் பிழையும்’ என்று எழுதுவதற்கு எந்தப் புதுச்சொல்லும் ஆக்க வேண்டியதில்லை.