அகார் தட்டில் உடம்பு கிடையாது

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆய்வகத்தில் பாக்டீரியா காலனிகளை (ஒரு கிருமி பெருகித் தட்டில் உண்டாகும் புள்ளிகளை) எண்ணி முடித்துக் கையுறையைக் கழற்றியபோது சித்தியிடமிருந்து அழைப்பு. நாலு நாளாகச் சிறுநீர் போகும்போது எரிச்சல். போன வருடம் இதே தொல்லைக்கு வாங்கியதில் மீதியிருந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எடுத்து இரண்டு நாள் போட்டிருக்கிறார். கொஞ்சம் குறைந்தது, மறுபடி வந்துவிட்டது.

"உடம்புக்கு அந்த மருந்து பழகிப்போச்சும்மா. நீ கிருமியிலதானே ஆராய்ச்சி பண்றே, இன்னும் வீரியமா ஒண்ணு சொல்லு."

இந்த மாதத்தில் இது மூன்றாவது அழைப்பு. மூவரும் வேறு வேறு ஆட்கள், தொல்லையும் வேறு. "உடம்புக்குப் பழகிப்போச்சு" என்பதை மட்டும் மூவருமே சொன்னார்கள். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் மருத்துவர் இல்லை. நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் முடித்து, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் சிறுநீர்ப்பாதைத் தொற்று உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை ஆராய்கிறேன். யாருக்கும் மருந்து சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வாக்கியம் தப்பு என்று சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

தலைவலி மாத்திரை பழகுவதும் தூக்க மாத்திரை பழகுவதும் வேறு கதை. ஆன்டிபயாட்டிக் தாக்கப் போவது உங்கள் உடம்பை இல்லை, உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியாவை. மருந்துக்கு அசையாமல் நிற்பதும் அந்த பாக்டீரியாதான். இதற்குச் சாட்சி வேண்டுமா? நோயாளியின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈ.கோலையை நான் அகார் தட்டில் பரப்புகிறேன். அகார் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ். அதன்மேல் மருந்து தோய்ந்த சின்னக் காகித வில்லைகளை வைத்து, 35 டிகிரியில் ஓர் இரவு விடுகிறேன். மருந்துக்குக் கட்டுப்படும் பாக்டீரியா என்றால் வில்லையைச் சுற்றி ஒன்றும் வளராமல் தெளிவான வட்டம் விழும். எதிர்ப்பு பெற்றது என்றால் வில்லையின் விளிம்பு வரை வந்து முட்டி வளர்ந்திருக்கும். அந்தத் தட்டில் ரத்தம் இல்லை, கல்லீரல் இல்லை, "பழகிப்போக" ஓர் உடம்பே இல்லை. நோயாளி ஒரு குழாயின் மேல் எழுதிய எண்ணாகத்தான் எனக்குத் தெரிவார். அப்படியும் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது.

இதனால் வரும் ஆபத்தைச் சொல்கிறேன். உடம்புதான் பழகிவிட்டது என்று நம்புகிறவர், "நான் ஆன்டிபயாட்டிக் போட்டதே இல்லை, எனக்கு எல்லா மருந்தும் கேட்கும்" என்று நினைத்துவிடுகிறார். வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடத் தொடாத ஒருவருக்கும் எதிர்ப்பு பெற்ற பாக்டீரியா தொற்றலாம். யார் குடலிலோ தேறி வந்த கிருமி அது. அதேபோல், "என் உடம்பு பழகிவிட்டது, என் மகனுக்குப் பழகவில்லை, அவனுக்கு இதே மாத்திரை கேட்கும்" என்று கொடுத்துவிடுகிறார்கள். ஒரே வீட்டில் இருப்பவர்களின் குடலில் ஒரே ஈ.கோலை வாழ்வது எங்களுக்கு அன்றாடச் செய்தி.

என் வேலையில் ஒரு பகுதி இதுதான். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் ஒரே நோயாளியிடமிருந்து சில மாத இடைவெளியில் எடுத்த பாக்டீரியாக்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. முதலாவது சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்பட்டது, இரண்டாவது கட்டுப்படவில்லை. பழைய கிருமியே மாறியதா, புதிதாக ஒன்று வந்து குடியேறியதா? மரபணு வரிசையைப் படித்தால்தான் தெரியும். ஒரு ஜோடியில் இரண்டும் ஒரே வம்சம் என்று தெரிந்த அன்று நான் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. டிஎன்ஏ முறுக்கைச் சரிசெய்யும் கைரேஸ் என்ற நொதியைத்தான் அந்த மருந்து பிடிக்கும். அந்த நொதியின் 83ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். இரண்டாவது பாக்டீரியாவில் அங்கே லியூசின் என்ற வேறு அமினோ அமிலம் இருந்தது. டிஎன்ஏவில் அந்த இடத்துக்கான மூன்று எழுத்து டிசிஜி என்பது டிடிஜி ஆகியிருந்தது, அவ்வளவுதான். ஓர் எழுத்து.

அந்த ஓர் எழுத்தை மருந்து மாற்றவில்லை. படித்தவர்களே இதைத் தவறாகச் சொல்கிறார்கள். 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் வெல்வெட் துணியை வைத்து இதை நிரூபித்துவிட்டார்கள். மருந்தே படாத தட்டில் வளர்ந்த காலனிகளின் மேல் வெல்வெட்டை ஒற்றி, அதே அச்சை ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டில் பதித்தார்கள். மருந்துத் தட்டில் தப்பிப் பிழைத்தவை எந்த இடத்தில் இருந்தனவோ, முதல் தட்டின் அதே இடத்தில், மருந்தையே பார்த்திராத அவற்றின் உடன்பிறப்புகளும் எதிர்ப்போடு இருந்தன. அதாவது, மாறியவை முன்பே கூட்டத்தில் இருக்கின்றன, கோடியில் ஒன்றாக. மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. சத்தான சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எரிச்சல் சிறுநீர்ப்பையில்தான். விழுங்கிய மாத்திரையோ குடலையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போகும். அங்கே ஒரு தவறும் செய்யாத பாக்டீரியாக்களும் சாகின்றன, எதிர்ப்புள்ளவை பெருகுகின்றன. அவற்றில் பலவற்றிடம் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் இருக்கும். எதிர்ப்பு மரபணுக்களை அதில் வைத்து அண்டை பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும், வேற்று இனமாக இருந்தாலும். ஆகவே "ரெண்டு மாத்திரைதானே" என்று சொல்லாதீர்கள்.

அடுத்தது "வீரியம்". இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு மனம் நொந்துபோகிறது. ஆன்டிபயாட்டிக்குகள் படிக்கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கவில்லை. வான்கோமைசின் என்றால் பெரிய ஆஸ்பத்திரி மருந்து என்று பலருக்குத் தெரியும். அதை ஈ.கோலையின் மேல் ஊற்றினாலும் பயனில்லை, அதன் வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளே போக அந்த மூலக்கூறால் முடியாது. மறுபக்கம், 1928இல் ஃபிளெமிங் கண்ட பென்சிலின். தொண்டை அழற்சி தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸுக்கு இன்றும் அதுதான் முதல் மருந்து. நைட்ரோஃபுரான்டாயின் 1953 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அது சிறுநீரில் செறிந்து சேரும், ரத்தத்திலும் திசுவிலும் சேராது. எனவே சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அருமையான மருந்து, அதே கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் உதவாது. எந்தக் கிருமி, உடலில் எந்த இடம், அந்த இடத்துக்கு எவ்வளவு மருந்து போய்ச் சேரும் என்பதைப் பார்த்துத்தான் மருத்துவர் தேர்ந்தெடுக்கிறார்.

கல்ச்சர் (மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எண்களை ஒப்பிடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். வட்டம் 28 மில்லிமீட்டர் விழுந்த மருந்து 20 விழுந்ததைவிட நல்லது என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் அகாரில் பரவும் வேகம் வேறு, எல்லைக்கோடும் வேறு. எண்ணை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள்: S என்றால் கட்டுப்படும், R என்றால் எதிர்ப்பு. அதையும் மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள்.

இனி, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

கல்ச்சருக்கு மாதிரி கொடுக்கச் சொன்னால், முதல் மாத்திரைக்கு முன்னால் கொடுங்கள். இரண்டு நாள் மாத்திரை போட்டுவிட்டுக் கொடுத்தால் தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம். "வளர்ச்சி இல்லை" என்று அறிக்கை வரும். ஆனால் கிருமி உள்ளேயே இருக்கலாம். சிறுநீர் என்றால் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஆய்வகம் கொடுத்த மூடியுள்ள குப்பியில் மட்டும். வீட்டில் கழுவிய பாட்டில் வேண்டாம். 2 மணி நேரத்துக்குள் சேர்ப்பியுங்கள், முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். வெயிலில் பைக்குள் கிடந்த குப்பியில் பாக்டீரியா தானாகவே பெருகி, தொற்றே இல்லாதவருக்குத் தொற்று இருப்பதுபோலக் காட்டும். மூன்று நான்கு வகை கலந்து வளர்ந்தால் நாங்கள் மறுமாதிரி கேட்போம். தயவுசெய்து சண்டை போடாதீர்கள், தோலிலிருந்து விழுந்ததற்கு யாரும் மருந்து தரக்கூடாது.

அறிக்கைக்கு ஏன் இரண்டு நாள் என்றும் கேட்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் காலனி ஆக ஓர் இரவு, அதை எடுத்து மருந்துச் சோதனை வைக்க இன்னோர் இரவு. காசநோய்க் கிருமி இரட்டிக்கவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும், அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். (முன்பெல்லாம் மூத்தவர்கள் தட்டை முகர்ந்தே சில கிருமிகளின் பெயரைச் சொல்லிவிடுவார்களாம். அந்தப் பழக்கம் நுரையீரலுக்கு ஆபத்து என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளே, செய்யாதீர்கள்.)

எரிச்சலோ காய்ச்சலோ எதுவும் இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த சோதனையில் சிறுநீரில் பாக்டீரியா என்று வந்தால் பதறாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப்பாதையில் அறுவை செய்யப்போகிறவர்களுக்கும் சிகிச்சை தேவைப்படும். மற்ற பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை. சளிக்கும் ஃப்ளூவுக்கும் ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள், அவை வைரஸ். நீங்கள் கேட்டு வற்புறுத்தியதால் எழுதித் தரும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். எத்தனை நாள் என்று சொன்னார்களோ அத்தனை நாள் போடுங்கள். இடையில் ஒவ்வாமையோ வேறு தொந்தரவோ வந்தால் நீங்களாக முடிவெடுக்காமல் உடனே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நடுக்கத்தோடு கடுங்காய்ச்சல், விலாவுக்குப் பின்புறம் வலி, மூச்சு வாங்குதல், பேச்சில் குழப்பம் இருந்தால் எந்த அறிக்கைக்கும் காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கிருமி ரத்தத்தில் இறங்கியிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அப்போது சரியான மருந்தைத் தாமதமின்றிக் கொடுப்பதுதான் உயிரைக் காப்பாற்றும். அதற்காகத்தான் மற்ற நேரங்களில் இத்தனை கண்டிப்பு. 2019இல் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா நேரடிக் காரணமாகி உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 2022இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே எச்சரித்துவிட்டார், மருந்தைப் போதாத அளவில் எடுத்தால் கிருமி எதிர்ப்பு பெறும் என்று.

ஒப்பந்தம் முடிய இன்னும் 11 மாதம் இருக்கிறது. போன நான்கு மாதம் வேற்றுக் கிருமி கலந்ததால் வீணாய்ப் போனது. 60 தட்டுகளை 121 டிகிரி ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) போட்டுக் கொன்றுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதைச் செய்யும்போதுகூட இவ்வளவு சோர்வு வந்ததில்லை. ஒரே ஒரு மரபெழுத்து மாறியதைக் கண்டுபிடிக்க நாங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். அது பெருகுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரு மாத்திரை டப்பா இரண்டு நாளில் செய்து முடித்துவிடுகிறது.

சித்தியிடம் மருந்து எதுவும் சொல்லவில்லை. மறுநாளே மருத்துவரிடம் போகச் சொன்னேன், மீதி மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லச் சொன்னேன். முதல் மாதிரியில் எதிர்பார்த்தபடியே ஒன்றும் வளரவில்லை. எரிச்சல் தீராததால் நாலு நாள் கழித்துச் சரியாகப் பிடித்துக் கொடுத்த இரண்டாவது மாதிரியில் ஈ.கோலை வளர்ந்தது. அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். சிப்ரோஃப்ளாக்சசின் 1, எதிர்ப்பு. நைட்ரோஃபுரான்டாயின் 16, கட்டுப்படும். இந்த எண்கள் வட்டத்தின் அளவு இல்லை, கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு. 16 என்ற பெரிய எண்ணைப் பார்த்து, இது இன்னும் மோசமான மருந்தோ என்று பயந்து மறுபடி கூப்பிட்டார். எண்ணைப் பார்க்காதீங்க, எழுத்தைப் பாருங்க என்றேன். மருத்துவர் எழுதியதும் அந்தப் பழைய மருந்துதான். மூன்றாம் நாள் எரிச்சல் நின்றது. எழுதிக் கொடுத்த நாள் கணக்கை முழுதாக முடித்தார்.

அதன் பிறகு அலமாரியில் இருக்கும் மருந்து டப்பாவை எடுத்து, அதிலுள்ள ஆன்டிபயாட்டிக்கை எல்லாம் என்னோடு பேசிக்கொண்டே தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். நான்கு வகை, 23 மாத்திரை. இரண்டு அட்டையில் பெயரே கிழிந்திருந்தது. குப்பையில் போடாமல், கழிவறையில் கொட்டாமல், எங்கே திருப்பித் தருவது என்று மருந்தாளுநரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.