ஜன்னலோர வெயில் உங்கள் இக்வானாவுக்குப் போதாது

இந்த வாரமும் என் கிளினிக்குக்கு ஒரு இக்வானா, அதாவது வீட்டில் வளர்க்கும் பெரிய பல்லி, வந்தது. ஒரு வயதுகூட ஆகாத குட்டி. கீழ்த்தாடையை விரலால் லேசாக அழுத்தினால் வளைகிறது. பின்தொடைகள் இரண்டும் புடைத்திருந்தன. “நல்லா சாப்பிடுது டாக்டர், தொடை எப்படி சதை போட்டிருக்கு பாருங்க” என்றார் கொண்டுவந்தவர். அது சதை இல்லை. எலும்பு கால்சியத்தை இழந்து, அந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து வீங்கியிருக்கிறது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு எது, சுற்றியுள்ள தசை எது என்று பிரித்துப் பார்ப்பதே சிரமமாக இருந்தது. முன்னங்காலில் எப்போதோ முறிந்து கோணலாகக் கூடிய எலும்பு வேறு.

என்ன விளக்கு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். “விளக்கு எதுக்கு டாக்டர்? டேங்க் ஜன்னல் ஓரமாத்தான் இருக்கு. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் படுது.”

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சொல்பவர்கள் யாரும் அக்கறையில்லாதவர்கள் இல்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து டேங்க், செயற்கைச் செடி, மரக்கிளை எல்லாம் வைத்தவர்கள்தான். ஒரே ஒரு விஷயத்தை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணாடி வழியே வரும் வெயிலில் யூவிபி கிடையாது.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இருக்கிறது, சூடு இருக்கிறது, அப்புறம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அந்தப் புற ஊதாவிலும் 315 முதல் 400 நானோமீட்டர் வரை யூவிஏ, 280 முதல் 315 வரை யூவிபி. உணவிலுள்ள கால்சியத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும், அது தோலில் உருவாவது இந்த யூவிபியால் மட்டும்தான். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், யூவிஏயிலும் பெரும்பகுதியை விடும். யூவிபியை மட்டும் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிடும். ஜன்னல் ஓரத் திரைச்சீலை வெளுக்கிறதே என்று ஒருவர் வாதாடினார். அதில் பெரும்பங்கு யூவிஏயின் வேலை. உங்கள் இக்வானாவின் எலும்புக்கு அதனால் பயனில்லை.

எனவே டேங்கில் வெளிச்சம் கண்ணைப் பறித்தாலும், தொட்டால் சுட்டாலும், யூவிபி சுழியாக இருக்கலாம். பால்கனிக்குப் போட்ட பாலிகார்பனேட் கூரைக்கும் இதே கதைதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கொசுவலை மட்டும் இருக்கட்டும், அப்போது ஓரளவு உள்ளே வரும். வலை அடர்த்தியாக இருந்தால் அதுவும் குறையும்.

எல்இடி பல்பு, பழைய குண்டு பல்பு, ஹாலஜன், கடைக்காரர் ‘ஊர்வனவுக்கான ஸ்பெஷல்’ என்று விற்கும் சிவப்பு பல்பு, நீல பல்பு: இவற்றில் எதிலிருந்தும் பயன்படும் அளவுக்கு யூவிபி வராது. சூட்டுக்கு ஹாலஜன் நல்லதுதான். ஆனால் அது யூவிபி விளக்குக்கு மாற்று இல்லை.

இதைவிட மோசம், ‘யூவி லைட்’ என்று தேடி ஆன்லைனில் கிடைத்ததை வாங்கி மாட்டுவது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு கிருமிநாசினி விளக்கு வாங்கினோம், நினைவிருக்கிறதா? அது 254 நானோமீட்டர், யூவிசி. கிருமியைக் கொல்வதற்காகச் செய்தது. மீன்தொட்டித் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் யூவி விளக்கும் அதே வகைதான். அதை ஆமைக்கு மேலே மாட்டினால் கண்ணின் கருவிழி வெந்துபோகும், தோல் புண்ணாகும். தயவுசெய்து உடனே கழற்றுங்கள், அதன் முன்னால் நீங்களும் நிற்காதீர்கள். நகப்பூச்சு காயவைக்கும் விளக்கும், கொசுவை இழுக்கும் ஊதா விளக்கும் யூவிஏ. அவற்றால் எலும்புக்கு ஒரு நன்மையும் இல்லை. சிவப்புக் காது ஆமை கண்ணைத் திறக்காமல் வந்தால் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைபாட்டைத்தான் முதலில் சந்தேகிப்போம். ஆனால் தவறான விளக்கு கண்ணைச் சுட்டிருந்தாலும் அது அப்படித்தான் வரும். அதனால்தான் என்ன விளக்கு போட்டீர்கள் என்று துருவித் துருவிக் கேட்கிறேன். மறைக்காதீர்கள்.

சரி, எதை வாங்குவது? பகலில் நடமாடும் ஊர்வனவுக்கு, அதாவது இக்வானா, பியர்டட் டிராகன் என்ற பல்லி, ஆமைகளுக்கு, ஊர்வனவுக்கென்றே தயாரித்த நீளமான டி5 ட்யூப்தான் (மெல்லிய ட்யூப்லைட் வகை) என் முதல் தேர்வு. சுருட்டி வைத்த சிறிய காம்பாக்ட் பல்பு ஒரு சிறு வட்டத்துக்குள்தான் வேலை செய்யும், பிராணி அந்த வட்டத்தைவிட்டு நகர்ந்தால் வீண். ட்யூப் டேங்கின் நீளத்தில் பாதிக்காவது இருக்கட்டும், பின்னால் பளபளப்பான ரிஃப்ளெக்டரோடு. பெட்டியில் 5.0, 10.0, 12% என்றிருக்கும். அது விளக்கு வெளியிடுவதில் யூவிபியின் பங்கைச் சொல்வது. பிராணியின் முதுகில் எவ்வளவு விழுகிறது என்பதை எந்தப் பெட்டியும் சொல்லாது. அது தூரத்தையும் நடுவில் என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது. டேங்கின் மேல்மூடிக் கம்பிவலையே மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை தடுத்துவிடும். முடிந்தால் ட்யூபை வலைக்கு உட்புறம் மாட்டுங்கள், பிராணி ஏறிக் கடிக்காத இடத்தில். கண்ணாடி மூடி வேண்டவே வேண்டாம்.

தூரத்துக்குத் தயாரிப்பாளர் சொல்வதைப் பின்பற்றுங்கள். பொதுவாக வலுவான ட்யூப் முதுகிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டரில் இருக்கும். பிராணி வெயில் காயும் இடத்தில் புற ஊதாக் குறியீடு (யூவி இண்டெக்ஸ்) 3-லிருந்து 4 வரை இருப்பது பியர்டட் டிராகனுக்கும் இக்வானாவுக்கும் ஏற்றது. லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி, பால் பைத்தான் என்ற மலைப்பாம்பு போன்றவற்றுக்கு 1-க்குக் கீழே போதும். முழு எலியை விழுங்கும் பாம்புக்கு டி3 இரையிலிருந்தே கிடைத்துவிடுகிறது. குறியீட்டை அளக்க சோலார்மீட்டர் 6.5 என்ற கருவி இருக்கிறது. விலை அதிகம், நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.

ட்யூப் எப்போதும் மேலிருந்து அடிக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் நேராகக் கண்ணில் விழும். சூட்டு விளக்கும் யூவிபியும் ஒரே இடத்தில் விழட்டும், ஏனென்றால் தோலில் தொடங்கிய வேலை முடிய உடம்புச் சூடும் வேண்டும். மறுமூலையில் நிழலும் குளிர்ச்சியும் கட்டாயம் இருக்கட்டும், எவ்வளவு வேண்டும் என்பதைப் பிராணியே தீர்மானித்துக்கொள்ளும். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. ஒரு டைமர் வாங்கிப் போடுங்கள்.

அடுத்தது இன்னொரு தலைவலி. “விளக்கு எரியுதே டாக்டர்!” எரியும். யூவிபி தீர்ந்த பிறகும் வெளிச்சம் மட்டும் ஆண்டுக்கணக்கில் எரியும். டி5 ட்யூபை ஆண்டுக்கு ஒருமுறையும், அதைவிடத் தடித்த பழைய வகை டி8 ட்யூபையும் காம்பாக்ட் பல்பையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றுங்கள். மாட்டிய தேதியை மார்க்கரால் ட்யூப் முனையிலேயே எழுதிவிடுங்கள்.

விளக்கு வாங்க வசதியில்லையென்றால்? நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம். மொட்டை மாடியில் கம்பிவலைக் கூண்டில், பாதி நிழலோடு, தண்ணீரோடு, பிராணியை விடுங்கள், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். காலை எட்டரைக்கு மேல் பத்து மணிக்குள் நல்ல நேரம். ஆறரை மணி இளவெயில்தான் வைட்டமினுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் சூரியன் தாழ்ந்திருக்கும்போது யூவிபி தரைக்கு வந்து சேர்வதே மிகக் குறைவு. கண்ணாடித் தொட்டியோடு மட்டும் வெயிலில் வைக்காதீர்கள். சில நிமிடங்களில் உள்ளே வெந்து செத்துவிடும்.

விளக்குக்குப் பதில் மருந்து கொடுத்துவிடலாமே என்று, வீட்டில் அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைக் கரைத்து ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். அரைக்கிலோகூட இல்லாத உயிர் அது. அளவு மீறினால் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாயிலும் கால்சியம் படியும், திரும்ப எடுக்க வழியில்லை. யூவிபி வழியாக உடம்பு தானே தயாரிக்கும் டி3 அப்படி அளவு மீறாது, தோல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்.

உணவையும் கவனியுங்கள். இக்வானாவுக்கு வெள்ளரியும் லெட்யூஸும் மட்டும் போட்டால் எந்த விளக்கும் உதவாது. அகத்தி, முருங்கைக் கீரை கொடுங்கள். பசலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதிலுள்ள ஆக்சாலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துவிடும். பூச்சி தின்பவற்றுக்கு, பூச்சியின் மேல் கால்சியப் பொடி தூவுங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஆமையை ராசிக்கு வளர்ப்பது குற்றம். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இக்வானா, வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

விரல்கள் துடிப்பது, வயிற்றைத் தரையிலிருந்து தூக்காமல் இழுத்து நடப்பது, தாடை வளைவது அல்லது வாய் முழுதாக மூடாதது, வளரும் ஆமையின் ஓடு அழுத்தினால் அமுங்குவது, மலம் கழிக்கச் சிரமப்படுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கை, காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், அந்த நிலையில் எலும்பு சும்மா தொட்டாலே முறியும். துண்டு விரித்த சிறிய பெட்டியில், அடிவயிற்றைத் தாங்கி எடுத்து வைத்துக் கொண்டுவாருங்கள். விளக்கின் அட்டைப் பெட்டியும், டேங்கை விளக்கோடு எடுத்த ஒரு ஃபோட்டோவும், விளக்குக்கும் பிராணிக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதிய ஒரு சீட்டும் கூடவே வரட்டும்.