ஸ்ட்ரிங் தியரி: இழைக் கோட்பாடு

பொருள்களின் அடிப்படை புள்ளி போன்ற துகள் அல்ல, அதிரும் நுண்ணிய இழை என்று சொல்லும் இயற்பியல் கோட்பாடு 'ஸ்ட்ரிங் தியரி'. அதைச் 'சரக் கோட்பாடு' என்று எழுதுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். காணொளிகளிலும் அதே சொல்தான். அது பொருந்தாத சொல்.

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெங்'. கயிறு, வில்லின் நாண், வாத்தியத் தந்தி எல்லாவற்றுக்கும் அதுவே பெயர். இயற்பியலுக்குள் வந்தது 1970 வாக்கில். துகள் மோதலுக்காக 1968இல் வெனிசியானோ எழுதிய சூத்திரத்துக்குள் அதிரும் இழை ஒன்று இருக்கிறது என்று யோய்ச்சிரோ நம்பு, நீல்சன், சஸ்கின்ட் ஆகிய இயற்பியலாளர்கள் மூவரும் தனித்தனியே கண்டார்கள். அந்தக் கணக்கில் நிறையே இல்லாத, தற்சுழற்சி (ஸ்பின்) 2 கொண்ட ஒரு துகள் போகாமல் நின்றது. அதுதான் ஈர்ப்பைச் சுமக்கும் கிராவிட்டான் என்று 1974இல் ஷெர்க்கும் ஷ்வார்ட்ஸும் சொன்னார்கள்.

சரி, சரம் ஏன் கூடாது? சரம் என்றாலே கோத்தது அல்லது தொடுத்தது. பூச்சரம், முத்துச்சரம், பட்டாசுச் சரம் எல்லாவற்றிலும் தனித்தனி உருப்படிகள் உண்டு. கணினிக்காரர்கள் எழுத்துகளின் வரிசைக்குச் சரம் என்று பெயர் வைத்தது மிகச் சரி. அதையே இயற்பியலுக்கும் தூக்கிவந்தால் எப்படி? இங்கே கோக்க எதுவுமே இல்லை. எலக்ட்ரானும் குவார்க்கும் அதில் கோத்த மணிகள் அல்ல, அதன் வெவ்வேறு அதிர்வுகள். சரம் என்று படிக்கும் மாணவர் துகள்களாலான மாலையைத்தான் நினைத்துக்கொள்வார். கோட்பாடு சொல்வதோ அதற்கு நேர் எதிர்.

'நாண்' என்பாரும் உண்டு. இழுவிசை, அதிர்வு இரண்டும் அதில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நாணுக்கு இரண்டு முனை வேண்டும். பள்ளிக் கணக்கில் வரும் வட்டத்தின் நாணும் அப்படித்தான். கிராவிட்டானைத் தருவது முனையே இல்லாத மூடிய வளையம். ஈர்ப்பை வெளியே நிறுத்திவிடும் சொல் நமக்கு எதற்கு?

இழைக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. ஈரிழைத் துண்டு என்கிறோமே, நெசவில் எண்ணிக்கை இழையோடு நின்றுவிடுகிறது, அதற்குள் கோத்த மணி எதுவும் இல்லை. இழை முனைகளோடும் இருக்கும், வளையமாகவும் இருக்கும். ஒளியிழையோடு (ஆப்டிக்கல் ஃபைபர்) குழம்பும் என்பார்கள். 'இழைக் கோட்பாடு' என்று சேர்த்துச் சொன்னால் யார் குழம்புவார்கள்?

அப்புறம், 'கோட்பாடு' என்பதற்குப் பதில் 'கொள்கை' என்று முடிப்பதையும் விடலாம். கட்சிக்கும் அரசுக்கும் இருப்பது கொள்கை. இதைவிட மோசம், இந்தக் கோட்பாடு சேர்ந்த 'குவாண்டம் கிராவிட்டி' துறையைக் 'குவாண்டம் புவியீர்ப்பு' என்பது. இதில் புவி எங்கிருந்து வந்தது? கருந்துளையின் நடுவில் என்ன இருக்கிறது, பெருவெடிப்பின் முதல் கணத்தில் என்ன நடந்தது என்று கேட்கும் துறை அது. அப்போது புவியே கிடையாது. 'குவாண்டம் ஈர்ப்பு' போதும்.