உட்கார்ந்தால் உடம்பே ஆன்டெனா

ஜோசப் பாரடைசோ 1981-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது துகள் இயற்பியலில். நுண்ணிய சிக்னலை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் அந்தப் பழக்கம், 1994-ல் அதே பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் ஆய்வகத்துக்கு வந்ததும் இசைக்கருவிகளுக்குப் பயன்பட்டது. அதே ஆண்டு பென், டெல்லர் என்ற மேஜிக் இரட்டையருக்காக அங்கே உருவான சென்சார் நாற்காலி நல்ல உதாரணம். தொடாமலே வாசிக்கலாம்.

தொடாமல் வாசிக்கும் பழைய மின்னணுக் கருவியான தெரமினில் கை நெருங்கினால் ஆசிலேட்டரின், அதாவது அலையை உண்டாக்கும் சுற்றின், அதிர்வெண் நகரும். இங்கே ஏற்பாடு வேறு. இருக்கைக்குள் ஒரு உலோகத் தகடு. அதில் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் சிறிய மாறுதிசை மின்னழுத்தம். உட்காருபவரின் உடம்பு மின்கடத்தி என்பதால் அதுவே ஆன்டெனாவாகிவிடுகிறது. எதிரே உள்ள நான்கு ஏற்பிகளில், அதாவது சிக்னலை வாங்கும் தகடுகளில், எதை நோக்கிக் கை போகிறதோ, அதில் சிக்னல் கூடும். நான்கு அளவுகளையும் ஒப்பிட்டால் கை இருக்கும் இடம் ஏறக்குறையப் பிடிபடும்.

செய்து பார்ப்பவர்கள் முதலில் சறுக்குவது கேபிளில். ஏற்பித் தகட்டிலிருந்து ஒரு மீட்டர் ஷீல்டு கேபிள் இழுத்தால், கேபிளின் மின்தேக்கமே சிக்னலை விழுங்கிவிடும். முதல் ஆம்ப்ளிஃபயரைத் தகட்டின் முதுகிலேயே ஒட்டவேண்டும். அடுத்தது இரைச்சல். வந்த சிக்னலை, அனுப்பிய அலையோடே பெருக்கி, வேகமான அலைகளை வெட்டி மெதுவானவற்றை மட்டும் விடும் லோ-பாஸ் ஃபில்டரில் விட்டால் டியூப்லைட்டும் மின்கம்பியும் கிளப்பும் இரைச்சல் பெரும்பாலும் ஒழியும். ஆனால் ஃபில்டரை அளவுக்குமீறி இறுக்கக்கூடாது: 20 ஹெர்ட்ஸில் வெட்டினால் தாமதம் சுமார் 8 மில்லிசெகண்ட், 2 ஹெர்ட்ஸில் 80. டிரம் ஒலிக்கு 80 தாங்காது.

மூன்றாவது, தூரத்துக்கும் சிக்னலுக்கும் நேர்விகித உறவு இல்லை. அப்படியே மிடியின் (மின்னணு இசைக்கருவிகள் பேசிக்கொள்ளும் பொது மொழி) 0–127 எண்களாக மாற்றினால், முக்கால்வாசி எண்கள் கடைசிச் சில சென்டிமீட்டரிலேயே தீர்ந்துவிடும். அளந்து எடுத்த அட்டவணையோ லாகரிதமோ தேவை. ஆளுக்கு ஆள் உடம்பின் இணைப்பு மாறுவதால், ஒவ்வொருவர் உட்கார்ந்ததும் மறுபடி அளவீடு செய்யவேண்டும். நடுவில் எர்த் ஆன எதையாவது தொட்டால் சிக்னல் படுத்துவிடும்.

பிற்காலத்தில் பாரடைசோவின் குழு, மாசசூசெட்ஸில் பிளிமத் அருகே, முன்பு கிரான்பெர்ரி பண்ணையாக இருந்த டிட்மார்ஷ் சதுப்பு நிலத்தில் சென்சார்களைப் பரப்பி, அங்கிருந்து வந்த தரவை இசையாகவும் மாற்றியது. அங்கே கவலை மில்லிசெகண்ட் அல்ல, பேட்டரி. தரவை அனுப்ப 20 மில்லிஆம்பியர் இழுக்கும் சென்சாரின் ரேடியோ விழித்தே இருந்தால் 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி நான்கே நாளில் காலி. நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்தால், கணக்குப்படி ஓராண்டைத் தாண்டும். வெப்பநிலை, ஈரப்பதம் அளக்க அது போதும். இடைவிடாமல் ஒலி அனுப்பும் மைக்குக்குத் தூக்கம் ஆகாது. அதற்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.