டோனர் அட்வைஸ்டு ஃபண்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்க இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களின் (நற்செய்தி பரப்புவதை வலியுறுத்தும் புராட்டஸ்டண்டுகள்) கொடைப்பணியைப் பற்றிப் பேசினால் 'டோனர் அட்வைஸ்டு ஃபண்ட்' என்ற சொல்லைத் தாண்டிப் போகமுடியாது. 'நன்கொடையாளர் ஆலோசனை நிதி' என்று மொழிபெயர்த்தால், கொடுப்பவருக்கு யாரோ யோசனை சொல்வதுபோல ஆகிவிடும். நடப்பது நேர்மாறு.

ஒருவர் பணமோ, பங்குகளோ, நிலமோ ஒரு தொண்டு நிறுவனத்திடம் கொடுக்கிறார். அந்த ஆண்டுக்கே வரிச்சலுகை உண்டு, ஆனால் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது, சட்டப்படி அது இனி நிறுவனத்தின் சொத்து. அவர் பெயரில் ஒரு கணக்கு இருக்கும். அதிலிருந்து இந்த மிஷனுக்கு இவ்வளவு, அந்த ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு என்று அவர் பரிந்துரைக்கலாம், முடிவு நிறுவனத்துடையது. ஆகவே 'கொடையாளர் பரிந்துரை நிதி' என்பதே சரி. அறக்கட்டளை என்று எழுதுவது இன்னும் தப்பு. கோயில் கட்டளையில் கொடுத்தவர் சொன்ன பூஜை சொன்ன நாளில் நடந்தாக வேண்டும். இங்கே கட்டளையிடும் உரிமையே கிடையாது.

இந்த ஏற்பாடு நியூயார்க்கில் 1930களிலேயே இருந்தது, அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு வரையறை வந்தது என்னவோ 2006இல்தான். இவாஞ்சலிக்கல் உலகில் இதைப் பரப்பியது 1982இல் அட்லாண்டாவில் தொடங்கிய நேஷனல் கிறிஸ்டியன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம். அதைத் தொடங்கிய லாரி பர்கெட், ரான் புளூ, டெர்ரி பார்க்கர் மூவரும் பணக் கணக்கும் சட்டமும் தெரிந்தவர்கள். இந்தத் துறையில் தலைமை என்றால் பெரும்பாலும் போதகர் இல்லை, நிதி ஆலோசகரும் வக்கீலும்தான்!

அவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் 'ஸ்டூவர்ட்'. பழைய ஆங்கிலத்தில் வீட்டுக் காவலன் என்று பொருள். கிரேக்க வேதாகமத்தில் அது 'ஒய்கொனொமொஸ்', வீட்டை நிர்வகிப்பவன். நம் பழைய தமிழ் வேதாகமம் இதற்கு 'உக்கிராணக்காரன்' என்கிறது (லூக்கா 16). உக்கிராணம் என்றால் பண்டசாலை. கன்னடத்தில் கிடங்குக்கு இன்றும் 'உக்ராண'தான். சொத்து கர்த்தருடையது, நீ உக்கிராணக்காரன் மட்டுமே என்று நம்புகிறவருக்கு, சொத்துரிமையை எழுதிக்கொடுத்துவிட்டுப் பரிந்துரை மட்டும் செய்யும் இந்த ஏற்பாடு பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

அப்புறம் ஒரு சிக்கல். தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் சொத்தில் சுமார் 5 சதவீதம் செலவழிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. இந்தக் கணக்குகளுக்கு அப்படி எதுவும் இல்லை. வரிச்சலுகை உடனே கிடைத்துவிடும், பணம் ஏழைக்குப் போய்ச்சேர வருடக்கணக்கில் ஆகலாம். நிறுவனங்களும் கொடையாளரின் பரிந்துரையை அபூர்வமாகத்தான் மறுக்கின்றன. வாடிக்கையாளரை யார் பகைத்துக்கொள்வார்கள்? ஏட்டில்தான் அது பரிந்துரை.